கரிசல் மண்ணில் 1968-ல் கட்டிய வீடு: மூலையில் விரிசல், சுவரில் ஓதம். அஸ்திவாரத்தைத் தோண்டலாமா, வேண்டாமா?

கிழக்குவாசல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே. சுத்தக் கரிசல். தாத்தா 1968-ல் கட்டின வீட்டில் இப்போது அம்மா மட்டும் இருக்கிறாள். நாங்கள் சென்னையில். மூன்று மேஸ்திரிகள் வந்து பார்த்து மூன்று விதமாகச் சொல்லிவிட்டார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

வீடு கிழக்குப் பார்த்தது, மாடி கிடையாது. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, நாலடிதான் தோண்டினார்களாம். அதில் கருங்கல்லை மண்சாந்து வைத்துக் கட்டி, அதற்கு மேல் சுண்ணாம்புக் காரையில் செங்கல் சுவர், பதினாலு அங்குலக் கனம். மட்டப்பா, அதாவது தட்டையான மேல்தளம், மரக்கட்டைகள் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிக் காரை போட்ட கட்டைக்குத்து ஒட்டு. அது இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது.

தென்மேற்கு மூலை அறையில் ஜன்னலின் மேல் முனையிலிருந்து படிப்படியாக விரிசல் ஏறுகிறது. கீழே மயிரிழை, மேலே போகப் போக ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அகலம். கோடையில் விரியும், கார்த்திகை மார்கழியில் தானாகவே மூடிக்கொள்ளும். அந்த மூலையிலிருந்து பத்தடியில் பெரிய வேப்பமரம் நிற்கிறது.

வடமேற்கு மூலையில் வேறு மாதிரி. 2009-ல் அப்பா அங்கே குளியலறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டினார். அதற்குப் பிறகு பக்கத்து அறையில் தரை மேடு தட்டியிருக்கிறது. கதவு வருஷம் முழுக்க இறுக்கம், இரண்டு தடவை இழைத்தாகிவிட்டது. கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். அது கீழேதான் அகலம்.

முன்பக்கச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம். பூச்சு உப்பிப்போய் உப்பு பூத்துக் கொட்டுகிறது. தெருவில் சிமென்ட் ரோடு மேல் ரோடாகப் போட்டு, இப்போது ரோடு எங்கள் திண்ணைக்கு அரையடிதான் கீழே. 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் மாவட்டத்தில் கொட்டிய மழையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அதற்குப் பிறகு எல்லாமே கூடிவிட்டது.

ஒரு மேஸ்திரி சொல்கிறார்: சுற்றிலும் நாலடி தோண்டி, அஸ்திவாரத்துக்குக் கெமிக்கல் கோட்டிங் அடித்து, குழியை மணல் போட்டு மூடிவிடலாம், நாலரை லட்சம். இன்னொருவர் விரிசலைச் சிமென்டால் அடைத்து உள்சுவரில் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். மூன்றாமவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார். இடிக்கிற பேச்சை எடுத்தாலே அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள். வேப்பமரத்தை வெட்டவும் சம்மதிக்க மாட்டாள்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எதில் ஆரம்பிப்பது?

பழைய ஓவர்சியர் பதில்:

தாயி, முதல் வேலையாக அந்த நாலரை லட்சத்து மேஸ்திரிக்கு ஃபோன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடு. மற்றதைப் பிறகு பேசுவோம்.

நான் கண்மாய், கால்வாய், பாலம் என்று கரிசல்காட்டு வேலையிலேயே ஆயுசைக் கழித்தவன். இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கரிசல் மண்ணில் இருக்கிற களிக்கு மான்ட்மோரிலோனைட் என்று பெயர். மெல்லிய தகடு தகடாக இருக்கும். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஊதும், தண்ணீர் போனால் சுருங்கும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், ஐப்பசியில் அந்த வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் போவதும் அதனால்தான். உன் வீடும் அந்த நிலத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் மாறுகிற ஆழம் நம் நாட்டுக் கரிசலில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர், அதாவது பதினோரு பன்னிரண்டு அடி. உன் தாத்தா வானம் தோண்டியது நாலடி. அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் கட்டியது. அஸ்திவாரம் முழுக்க ஆடுகிற மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மாடி இல்லாத வீடு என்பதால் எடையும் குறைவு. மண் ஊதும்போது அதை அமுக்கி வைக்கிற பாரம் மேலே இல்லை.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். கரிசலில் வீட்டைக் கெடுப்பது ஈரம் இல்லை. ஈரம் மாறுவதுதான் கெடுக்கிறது. எப்போதும் ஒரே அளவு ஈரமாக இருக்கிற கரிசல் மேல் வீடு நூறு வருஷம் அசையாமல் நிற்கும். ஒரு மூலை காய்ந்து இன்னொரு மூலை நனைந்தால்தான் சுவர் கிழியும். அதனால் நாம் செய்யப்போகிற வேலை எல்லாமே வீட்டடி மண்ணின் ஈரத்தை ஒரே சீராக வைக்கிற வேலை.

நீ விரிசலை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறாய். அதிலேயே பாதி பதில் இருக்கிறது. மூலைக்குப் பக்கத்தில் விரிசல் மேலே அகலமாக இருந்தால் பெரும்பாலும் அந்த மூலை இறங்குகிறது என்று அர்த்தம். கீழே அகலமாக இருந்தால் மூலை மேலே தள்ளப்படுகிறது. தென்மேற்கில் கோடையில் விரிந்து மழையில் மூடுகிறது என்றால் அங்கே மண் காய்ந்து சுருங்குகிறது, வேம்பும் உறிஞ்சுகிறது. வடமேற்கில் வருஷம் முழுக்கக் கதவு இறுக்கம், தரை மேடு, கீழே அகலமான விரிசல். 2009-க்கு அப்புறம். அங்கே குழாயோ கழிவுநீர்க் குழியோ பூமிக்குள் விடாமல் தண்ணீர் விடுகிறது என்று நான் பார்க்காமலே சொல்வேன். ஒரு மூலை காய்கிறது, மறு மூலை ஊறுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டது மேற்குச் சுவர்.

முன்பக்க ஓதம் தனிச் சங்கதி. அதை இந்த விரிசலோடு போட்டுக் குழப்பக் கூடாது.

இனி அந்த மேஸ்திரி சொன்ன யோசனை ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். மண்சாந்தில் வைத்த கருங்கல் அஸ்திவாரம் இரண்டு பக்க மண்ணின் அணைப்பில்தான் நிற்கிறது. சுற்றிலும் ஒரே நேரத்தில் நாலடி திறந்தால் கல் பிதுங்கும். திறந்த குழியில் வெயில் பட்டால் அடிமண் காய்ந்து சுருங்கும். ஒழுங்கில்லாத கருங்கல் முகத்தில் கோட்டிங்கும் ஒட்டாது, முதலில் பூசி மட்டமாக்க வேண்டும். இது எல்லாவற்றையும் விடக் கெடுதல், மணல் போட்டு மூடுவது. களிமண்ணுக்குள் மணல் நிரப்பிய குழி என்பது தொட்டி. மழைத்தண்ணீர் மணலில் சுலபமாக இறங்கும், களியைத் தாண்டி வெளியேற வழி இருக்காது. அஸ்திவாரத்தை ஒட்டியே ஒரு குளம் வெட்டிக்கொண்ட கதைதான். நம் பக்கம் மணல் அடித்தால் பத்திரம் என்று ஒரு பேச்சு வெகுநாளாக இருக்கிறது. மேட்டுச் சரள் நிலத்தில் அது சரி. கரிசலில் வடிகால் இல்லாமல் மணல் அடிக்கவே கூடாது.

மூன்று விஷயம் கேட்கிறேன், பார்த்துச் சொல். மட்டப்பாவிலிருந்து மழைத்தண்ணீர் எங்கே விழுகிறது? கழிவுநீர்க் குழி சுவரிலிருந்து எத்தனை அடி? ஊரில் கிணறு தோண்டினபோது கரிசல் எத்தனை அடி, அதற்கு அடியில் இருக்கிற கெட்டிச் சுண்ணாம்புக்கல் அடுக்கு, அதாவது சுக்கான், எத்தனை அடியில் வந்தது என்று பெரியவர்கள் யாரையாவது விசாரி.

சாத்தூர்ப்பாதை பதில்:

நான் அதே நிலைமையில் இருந்தவன். ஓவர்சியர் ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீரைத் திருப்பினது மட்டும் போதவில்லை. விரிசல் முக்கால் அங்குலத்தைத் தாண்டிவிட்டது, உத்தரம் சுவரில் உட்கார்ந்திருந்த இடமே விலக ஆரம்பித்தது. 2021-ல் அந்த ஒரு மூலைக்கு மட்டும் அண்டர்பின்னிங் செய்தோம். அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டி, அதை ஆடாத மண் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்கிற வேலை.

மூலைக்கு இரண்டு பக்கமும் சுவரை நாலு நாலடித் துண்டாகச் சுண்ணாம்பால் குறித்தார்கள். ஒன்றை விட்டு ஒன்றாகத்தான் தோண்டினார்கள், அடுத்தடுத்த துண்டை ஒருநாளும் சேர்த்துத் திறக்கவில்லை. எங்களுக்கு ஒன்பதடியில் சுக்கான் வந்தது. அதில் ஓரடி வெட்டி இறங்கி, அடியிலிருந்து கான்கிரீட் எழுப்பி, பழைய கல்லுக்கு மூன்று அங்குலம் கீழே நிறுத்திவிட்டார்கள். கான்கிரீட் இறுகிச் சுருங்க ஒரு வாரம் விட்டு, அந்த மூன்று அங்குலச் சந்தில் ஈரம் குறைந்த ஒன்றுக்கு மூன்று கலவையைக் கட்டையால் இடித்து இடித்து நிரப்பினார்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்துத் துண்டு. பொறுமை வேண்டிய வேலை. அந்த மூலைக்கு மட்டும் எங்களுக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

குழிக்குள் ஆள் இறங்குகிற வேலை என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். கரிசல் குழியின் சுவர் காலையில் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும், மத்தியானம் வெயில் பட்டதும் பாளமாகச் சரியும். பலகை வைத்து முட்டுக் கொடுக்காமல் ஒருத்தரையும் இறக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூலை இப்போது அசையவில்லை. ஆனால் அண்டர்பின்னிங் முடிகிற இடத்துக்கும் பழைய சுவருக்கும் நடுவே புதிதாக ஒரு மயிரிழை ஓடுகிறது. இதற்கு என்ன செய்யலாம், ஐயா?

பழைய ஓவர்சியர் பதில்:

சாத்தூர்த் தம்பி, நல்ல வேலைக்காரர்கள் கிடைத்திருக்கிறார்கள். அந்த மூன்று அங்குலச் சந்தை விட்டு ஒரு வாரம் கழித்து இடித்ததில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. அவசரப்பட்டுக் கான்கிரீட்டை நேராகக் கல்லோடு சேர்த்து ஊற்றியிருந்தால், அது சுருங்கும்போது கல்லுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். போட்ட பணம் வீண்.

நீ கேட்கிற மயிரிழை எதிர்பார்த்ததுதான். ஒரு மூலையை மட்டும் சுக்கானில் உட்கார வைத்துவிட்டாய், மீதி வீடு இன்னும் கரிசலோடு ஏறி இறங்குகிறது. சேருகிற இடத்தில் அது தெரியும். அதனால்தான் அண்டர்பின்னிங்கை நான் கடைசியில் வைக்கிறேன். உன் வீட்டில் உத்தரம் விலகியது, வேறு வழி இல்லை, செய்தது சரி. இப்போது மீதிச் சுவரின் அடியில் ஈரத்தைச் சீராக்கு, அந்த மயிரிழை வளராது. ஒரு வருஷம் அளந்து பார்த்தும் வளர்ந்தால் மட்டும், ஒரேயடியாக நிற்காமல் அடுத்த துண்டுகளில் ஆழத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டு போகலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரிசலுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அண்டர்ரீம்டு பைல் முறையை வளர்த்தெடுத்தது. துளை போட்டு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் இறக்கி, அடியில் தண்டைப் போல இரண்டரை மடங்கு விட்டத்துக்குக் குடம் மாதிரி அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2911 மூன்றாம் பாகத்தில் முழு விவரமும் இருக்கிறது. மேல்மண் ஊதித் தூக்கினாலும் அந்தக் குடம் அடியில் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கிற பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். அதை விட மறந்து மண் மேலேயே பீம் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பைல் அடியில் பிடிக்கிறது, மண் பீமை மேலே தள்ளுகிறது, பீம் வெடிக்கிறது.

கிழக்குவாசல் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டதைப் பார்த்துவிட்டேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்.

மட்டப்பாவுக்கு இரண்டு தூம்பு. இரண்டுமே மேற்குப் பக்கம், சுவரிலிருந்து ஓரடி தள்ளித்தான் தண்ணீர் விழுகிறது. விழுகிற இடத்தில் குழியே விழுந்திருக்கிறது. கழிவுநீர்க் குழி சுவரிலிருந்து ஆறடி. அடியில் பூச்சு கிடையாது, உறை இறக்கிச் செங்கல் ஜல்லி போட்டு விட்டிருக்கிறார்கள். குளியலறையின் வெளிக்குழாய் மண்ணுக்குள் போகிற இடத்தில் முழங்கை (வளைவு இணைப்பு) விலகியிருக்கிறது, விரலை விட்டால் ஈரம். பெரியப்பா சொல்கிறார், எங்கள் கிணற்றில் கரிசல் எட்டடி, அதற்குக் கீழே சுக்கான்.

சாத்தூர் அண்ணாச்சி, உங்கள் பதிலைப் படித்ததும் பயமாகவும் இருந்தது, தைரியமாகவும் இருந்தது. எங்கள் விரிசல் முக்கால் அங்குலம் இல்லை, அதில் பாதிகூட இல்லை.

இப்போது வரிசையாக என்ன செய்ய வேண்டும் ஐயா? வேம்பை என்ன செய்வது?

பழைய ஓவர்சியர் பதில்:

எட்டடியில் சுக்கான் என்றால் உனக்கு அதிர்ஷ்டம். கடைசி வழி ஒன்று கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

விலகின முழங்கை, உறைக்குழி, தூம்பு மூன்றும் இந்த மாதமே. குழாயை எடுத்துவிட்டு ரப்பர் வளையம் வைத்த பி.வி.சி. குழாய் போடு. கரிசலில் குழாயும் ஏறி இறங்கும், அதனால் கொஞ்சம் அசைவுக்கு இடம் தருகிற இணைப்புதான் நிற்கும். சுவரைத் துளைத்து வருகிற இடத்தில் குழாயைச் சிமென்டால் இறுக்கிப் பூசாதே, பெரிய குழாய் ஒன்றை உறையாக வைத்து நடுவில் இடம் விடு. போட்டு முடித்ததும் வெளிவாயை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு மறுநாள் பார். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு, மண்ணை மூடாதே. உறைக்குழியை வீட்டை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளு. இருபது இருபத்தைந்து அடி இருந்தால் நல்லது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமாக, குடிதண்ணீர்க் கிணற்றுக்கு எட்டாத தூரத்தில். தூம்புத் தண்ணீரைக் குழாயில் பிடித்துத் தெரு வாய்க்காலுக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோ.

இதைச் செய்ததும் வடமேற்கு மூலையில் புது மாற்றம் தெரியும். ஊதியிருந்த மண் காய்ந்து மெதுவாக இறங்கும், ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். கதவு இலகுவாகும், வேறு இடத்தில் சின்னக் கீறல் விழலாம். வேலை கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாதே, தரையை உடைக்காதே.

அதே நாளில் எல்லா விரிசலுக்கும் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, நடு இடைவெளியை அளந்து, தேதி எழுதி வை. இரண்டு மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒரு தடவை அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லி அம்மாவிடம் கொடு. சித்திரையும் மார்கழியும் அதில் வந்துவிட வேண்டும். ஒரு முழு வருஷத்துக் கணக்கு கையில் இல்லாமல் விரிசலை அடைக்கிறவன் கோடையில் அடைத்தால் மழையில் நசுங்கும், மழையில் அடைத்தால் கோடையில் பிளக்கும்.

அடுத்தது வீட்டைச் சுற்றி ஓரத்தளம். நம் ஊரில் இரண்டரை அடிக்கு ஒரு சிமென்ட் தளம் போட்டுச் சுவரோடு பூசிவிடுவார்கள். கரிசலில் அது இரண்டே மழையில் தூக்கிக்கொண்டு சுவரை விட்டுப் பிரியும். பிரிந்த சந்து வழியே தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கும். நான் சொல்கிற மாதிரி செய். ஆறடி அகலத்துக்கு மேல் கரிசலை ஒன்றரை அடி மட்டும் எடு, அதற்கு மேல் இறங்காதே. அதையும் பத்துப் பத்தடியாகத் திறந்து மூடிக்கொண்டே போ. அந்த இடத்தில் ஊதாத மண் போட வேண்டும். செம்மண் கலந்த சரள் உங்கள் பக்கமே கிடைக்கும். அரையடி அரையடியாகக் கொட்டி, ஈரம் பார்த்து, இடித்து இறுக்கு. கால்வாய்க் கரைகளுக்கு இதே முறையைத்தான் செய்தோம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி உருவாக்கிய முறை அது, கரிசலுக்கு மேல் ஊதாத இறுகிய மண்ணை ஓர் அடுக்காகக் கொடுத்தால் அடியில் இருப்பது ஊதுவது அடங்குகிறது. கால்வாய்க்கு ஒரு மீட்டர் கனம் கொடுப்போம். உன் பழைய சுவருக்குப் பக்கத்தில் அவ்வளவு ஆழம் தோண்ட முடியாது, அதனால் ஒன்றரை அடியோடு நிறுத்தி, சரளுக்கு அடியில் கனமான பாலித்தீன் விரிப்பை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டுவிடு. மேலே கடப்பாக் கல்லோ துண்டு துண்டான கான்கிரீட்டோ. ஆறடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு இருக்கட்டும். சுவரும் தளமும் சேருகிற இடத்தைச் சிமென்டால் பூசாதே, அரை அங்குலம் இடம் விட்டுத் தார் வகைச் சீலன்ட் ஊற்று. தளம் தன் பாட்டில் அசையும், சுவர் தன் பாட்டில் நிற்கும்.

இதைத் தை மாசியில் செய். மண் சொதசொதவென்றும் இருக்காது, வெடித்தும் கிடக்காது. சித்திரையில் வெடித்துக் கிடக்கிற மண்ணை மூடினால், பின்னால் அடியில் ஈரம் சேரச் சேர மண் ஊதி முழு வீட்டையும் தூக்கும்.

வேம்பு. அம்மா வெட்ட வேண்டாம் என்பது இந்த விஷயத்தில் எஞ்சினியரிங்கும்தான் தாயி. அத்தனை வருஷம் உறிஞ்சிக் காய வைத்த மண்ணில் மரத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால், அங்கே திரும்ப ஈரம் ஏறி வருஷக்கணக்கில் ஊதிக்கொண்டே இருக்கும். இறங்கின மூலை ஏற ஆரம்பிக்கும். கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, மழைக்குப் பிறகு, நிதானமாக. மரத்துக்கும் சுவருக்கும் நடுவே, சுவரை விட்டு ஆறடி தள்ளி, அரையடி அகலத்தில் ஐந்தடி ஆழம் வாய்க்கால் எடுத்து, கனமான பிளாஸ்டிக் தகட்டைச் செங்குத்தாக இறக்கி, எடுத்த மண்ணையே போட்டு இடி. வேர் வீட்டுப் பக்கம் வருவது குறையும். வாய்க்கால் எடுக்கும்போது கை மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் வேர் வந்தால் வெட்டாமல் அந்த இடத்தை விட்டுவிடு, காற்றுக்கு மரம் சாய்ந்துவிடக் கூடாது.

டாலஸ் தமிழன் பதில்:

இங்கே டெக்ஸாஸில் எங்கள் வீட்டுக்கு அடியில் இருப்பதும் கறுப்புக் களிமண்தான். இதுவும் பருத்தி விளைந்த பூமி, பிளாக்லேண்ட் ப்ரேரி என்பார்கள். ஓவர்சியர் ஐயா சொன்ன ஈரத்தைச் சீராக வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். கோடையில் அஸ்திவாரத்திலிருந்து ஓரடி ஒன்றரை அடி தள்ளிக் கசிவுக் குழாய் போட்டு மெதுவாகத் தண்ணீர் விடுவோம். சுவரை ஒட்டி விடக் கூடாது, வெடிப்புக்குள் பாயவும் விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. உங்கள் தென்மேற்கு மூலைக்கு, மரத்துக்கும் சுவருக்கும் நடுவே, சொட்டுநீர்க் குழாய் ஒன்று கோடைக்கு மட்டும் போடலாமா ஐயா?

பழைய ஓவர்சியர் பதில்:

போடலாம் தம்பி. ஓரத்தளத்துக்கு வெளியே, மரத்தின் பக்கமாகப் போட்டால் வேரும் அந்தப் பக்கமே நிற்கும். பங்குனியில் வெடிப்பு விழும் முன்பே ஆரம்பிக்க வேண்டும், வெடித்தபின் விட்டால் தண்ணீர் நேராகக் கீழே ஓடிவிடும். ஊரில் தண்ணீர் இருக்கிற அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

காரைக்கொத்து பதில்:

அக்கா, நான் பழைய காரைக்கட்டு வீடுகளை மட்டும் எடுத்துச் செய்கிற கொத்தன். ஓதத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

முன்சுவரில் இப்போது சிமென்ட் பூச்சு இருக்கும் என்று நினைக்கிறேன். இடையில் யாரோ பூசியிருப்பார்கள். அதுதான் ஓதத்தை மூன்றடி வரைக்கும் ஏற்றுகிறது. காரைச் சுவர் உறிஞ்சின தண்ணீரைக் காற்றில் விட்டுவிடும். சிமென்டு வழியை அடைப்பதால் தண்ணீர் வெளியேற இடம் தேடி மேலே மேலே ஏறுகிறது. அதற்கு மேல் வாட்டர் ப்ரூஃப் பெயின்டும் அடித்தால் நாலாவது அடிக்கும் போகும். செங்கல் உள்ளுக்குள்ளேயே உப்பால் பொடியும்.

ஈரம் தெரிகிற உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரைக்கும் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள், உள்ளும் புறமும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், திரும்ப உள்ளே போகும். காய்ந்த துடைப்பத்தால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். ரோட்டு மட்டம் ஏறிவிட்டதால் தெருப்பக்கம் சுவரை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் வேண்டும், சுவரின் அடி தெரிகிற மாதிரி. வெளிமண் வீட்டுத் தரைக்கு அரையடியாவது கீழே இருக்க வேண்டும்.

ஈரத்தடுப்பு அடுக்கு 1968-ல் போட்டிருக்க மாட்டார்கள். இப்போது மருந்து ஏற்றலாம். தண்ணீர் ஏறாமல் தடுக்கிற சிலேன் சிலாக்ஸேன் வகை. வெளிமட்டத்திலிருந்து அரையடி மேலே, செங்கல் வரிக்கு நடுவில் இருக்கிற காரையில், பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை, நாலு அங்குலத்துக்கு ஒன்று. சுவர்க் கனத்தில் இரண்டு அங்குலம் மிச்சம் விட்டுத் துளைக்க வேண்டும். உங்கள் சுவர் பதினாலு அங்குலம், நல்ல நீள பிட் வேண்டும், காரை உதிராமல் மெதுவாகத் துளைக்கிற ஆள் வேண்டும். செங்கல்லில் துளை போட்டால் பிரயோஜனம் குறைவு.

அதற்குப் பிறகு காய விடுங்கள். கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் கணக்கு. பதினாலு அங்குலத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். நீங்கள் விரிசலை அளக்கிற வருஷமும் இதுவும் ஒன்றாகவே ஓடட்டும். சுவர் அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ந்தபின் பொங்கின சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த காரையில் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். எமல்ஷன் வேண்டாம்.

விரிசல் நின்றுவிட்டது என்று நோட்டு சொன்ன பிறகு அதையும் காரையிலேயே அடைக்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி போகிற மாதிரி துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை, நாலைந்து வரிக்கு ஒன்றாகச் சந்துக்குள் படுக்க வைத்துத் தைப்பது என் பழக்கம். சாதாரண இரும்புக் கம்பி வைத்தால் துருப்பிடித்து ஊதி அதுவே சுவரைப் பிளக்கும்.

கிழக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முழங்கையை மாற்ற ஆள் சொல்லியாகிவிட்டது. நோட்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன், முதல் அளவை அவளே எடுத்து எழுதிவிட்டாள். வேம்பை வெட்டச் சொல்லவில்லை என்றதும் மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதம்.

ஒரே ஒரு சந்தேகம். சரள் என்று லாரிக்காரர் எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் எனக்குத் தெரியாது. அது ஊதுகிற மண்ணா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய ஓவர்சியர் பதில்:

கேட்க வேண்டிய கேள்வி தாயி. கோவில்பட்டியைச் சுற்றி எஞ்சினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. சிவில் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கிலோ மண்ணைக் கொடுத்து ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட் கேள். பத்துக் கிராம் சலித்த மண்ணை ஒரு குடுவையில் மண்ணெண்ணெயிலும், இன்னொரு குடுவையில் காய்ச்சி வடித்த நீரிலும் போட்டு ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது, தண்ணீரில் ஊதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். ஐம்பதைத் தாண்டினால் வம்பான மண். உன் வீட்டுக் கரிசலையும் ஒரு பையில் எடுத்துப் போ, அது எவ்வளவு ஊதுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆய்வுக்கு முன்னாடி நீயே பார்க்க ஒரு வழி உண்டு. லாரிக்காரரிடம் மாதிரிக்கு ஒரு சட்டி மண் வாங்கி, நனைத்துப் பிசைந்து உள்ளங்கை அளவுக்கு வட்டமாகத் தட்டி, ஓரத்தை அளந்து வெயிலில் வை. நன்றாகக் காய்ந்தபின் ஓரம் சுருங்கி விரிசல் விட்டுக் கல்லாக இறுகினால் அதில் களி அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிடு. சுருங்காமல், விரலால் அழுத்தினால் உதிர்கிற மாதிரி இருந்தால் ஆய்வுக்கு அனுப்பலாம். அளவு சரியாக வந்த குவாரியிலிருந்தே முழு லோடும் வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள். முதல் லாரி ஒரு மண், மூன்றாவது லாரி வேறு மண் என்று வரும். ஒவ்வொரு லாரியும் கொட்டும் முன் அம்மாவை ஒரு கை அள்ளிப் பார்க்கச் சொல்.